பெல்லட் கணப்பு அடுப்பில் சுடர் மங்குதல்

பெல்லட் கணப்பு அடுப்பு என்பது மரத்தூளை உயர் அழுத்தத்தில் இறுக்கிச் செய்த சிறு உருளைகளை (பெல்லட்) எரித்து அறையைச் சூடாக்கும் கருவி ஆகும். 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் மாற்று எரிபொருள் தேடப்பட்ட சூழலில், 1980களில் இது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டுப் பயன்பாட்டுக்கு வந்தது. இன்று இத்தாலி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளிலும் பரவலாக உள்ளது. இவ்வடுப்பில் சுடர் மங்கினால் அறை சூடேறாது. அதைவிட முக்கியமாக, எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு கூடுதலாக உருவாகும். ஆகவே இக்கோளாறை அலட்சியம் செய்யக்கூடாது.

செயல்படும் முறை

மேலுள்ள தொட்டியில் இருந்து திருகு ஊட்டி ஒன்று பெல்லட்டுகளைச் சிறிது சிறிதாக எரிகலத்தில் போடுகிறது. எரிகலத்தின் துளைகள் வழியே காற்று நுழைகிறது. ஒரு மின்விசிறி புகையைப் புகைக்குழாய் வழியாக வெளியே இழுக்கிறது. விறகடுப்பில் ஊதுகுழலின் வேலையை இங்கே இந்த விசிறியே செய்கிறது. ஊதுகுழல் காற்றைத் தள்ளுகிறது, விசிறி காற்றை இழுக்கிறது என்பதே வேறுபாடு. எரிபொருள், காற்று ஆகிய இரண்டும் சரியான அளவில் சேர்ந்தால்தான் சுடர் நன்றாக எரியும்.

சுடரைக் கொண்டு காரணம் அறிதல்

* சுறுசுறுப்பான, பிரகாசமான மஞ்சள் சுடர்: அடுப்பு சரியாக இயங்குகிறது.
* சோம்பலாக அசையும் செம்மஞ்சள் சுடர், கண்ணாடியில் கரி படிதல், எரிகலத்தில் பெல்லட்டுகள் குவிதல்: காற்று போதவில்லை.
* சிறிய சுடர், எரிகலம் ஏறக்குறைய காலியாக இருத்தல், சுடர் அணைந்து அணைந்து எரிதல்: எரிபொருள் போதவில்லை.

காற்றுக் குறைவு

பெரும்பாலும் சாம்பலே இதற்குக் காரணம். எரிகலத் துளைகளைச் சாம்பல் அடைத்துவிடும். சில வேளைகளில் சாம்பல் உருகிக் கட்டியாக இறுகிவிடும். இக்கட்டியைச் சுரண்டி எடுத்து, துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். சுத்தம் செய்தபின் எரிகலத்தைச் சரியாகப் பொருத்த வேண்டும். அடுத்து வெப்பம் கடத்தும் பாதைகள், விசிறியின் இதழ்கள், புகைக்குழாய், வெளிக்காற்று நுழையும் வாய் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பறவைக்கூடும் குழாயை அடைக்கக்கூடும்.

கதவின் அடைப்புக் கயிறு தேய்ந்தாலும் சுடர் மங்கும். காற்று எரிகலத் துளை வழியே வராமல் கதவிடுக்கு வழியே வந்துவிடுவதே காரணம். குளிர்ந்த அடுப்பின் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். எளிதாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும்.

எரிபொருள் குறைவு

தொட்டியில் பெல்லட்டுகள் ஒன்றோடொன்று சிக்கிப் பாலம்போல் நிற்பதுண்டு. மேலே நிறைந்திருந்தாலும் கீழே இறங்காது. தொட்டியின் அடியில் தூள் சேர்ந்தாலும், திருகு ஊட்டியில் அடைப்பு ஏற்பட்டாலும் இதே நிலை உண்டாகும். தொட்டியைக் காலி செய்து தூளை அகற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எரிபொருளின் தரம்

ஈரம் ஏறிய பெல்லட் உப்பி உதிர்ந்துவிடும். எரிந்தாலும் போதிய வெப்பம் தராது. ஐரோப்பாவின் என்பிளஸ் ஏ1 தரத்தின்படி ஈரப்பதம் 10 விழுக்காட்டுக்கும், சாம்பல் 0.7 விழுக்காட்டுக்கும் மிகக்கூடாது. விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர். மூட்டைகளை ஈரத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்க வேண்டும்.

பாதுகாப்பு

* அடுப்பை முறைப்படி அணைத்து, முழுவதும் ஆறியபின் மின் இணைப்பைத் துண்டித்தே கைவைக்க வேண்டும்.
* சாம்பலுக்குள் தணல் நெடுநேரம் உயிரோடு இருக்கும். அதை மூடியுள்ள உலோக வாளியில் இட்டு, வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். சாதாரணத் தூசி உறிஞ்சியைப் பயன்படுத்தக்கூடாது.
* கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. எனவே அதை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவி வீட்டில் இருப்பது அவசியம். தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே எல்லாரும் வெளியேறி அவசர உதவியை அழைக்க வேண்டும்.
* சுத்தம் செய்தும் சுடர் தேறாவிட்டால் விசிறி, ஊட்டியின் மோட்டார், அழுத்த உணரி ஆகியவற்றில் பழுது இருக்கலாம். அதைப் பயிற்சி பெற்ற பணியாளரிடம் விடுவதே நல்லது.