இரண்டு மூலக்கூறுகள், மூன்று பொருள்கள்

காரின் டயர், ஷூவின் அடிப்பாகம், ஃபிரிட்ஜின் உட்சுவர். இம்மூன்றையும் ஸ்டைரீன், பியூட்டாடையீன் என்ற இரண்டே மூலக்கூறுகளைக் கொண்டு செய்ய முடியும். அவை எந்த வரிசையில் சேர்கின்றன என்பதுதான் வித்தியாசம்.

சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் சங்கிலியாகக் கோத்துக்கொண்டால் பலபடி. ஸ்டைரீன் மட்டும் கோத்தால் விறைப்பான, எளிதில் உடையும் பாலிஸ்டைரீன். பியூட்டாடையீன் மட்டும் கோத்தால் இழுபடும் ரப்பர். இரண்டு வகையும் ஒரே சங்கிலியில் கலந்தால் அது சகபலபடி.

ஒழுங்கின்றிக் கலப்பது முதல் வகை. ஏறத்தாழ மூன்று பங்கு பியூட்டாடையீனும் ஒரு பங்கு ஸ்டைரீனும் இப்படிச் சேர்ந்ததே எஸ்.பி.ஆர். என்னும் செயற்கை ரப்பர். 1929-இல் ஜெர்மனியில் உருவான இதை 'புனா-எஸ்' என்றார்கள். 1942-இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்தது. அங்கே தமிழ்த் தொழிலாளர்கள் பால் வெட்டிய தோட்டங்களின் ரப்பர் அமெரிக்காவுக்குப் போவது நின்றது. அமெரிக்கா அவசரமாக ஆலைகளை எழுப்பி, 1945-இல் இவ்வகை ரப்பரை 7 லட்சம் டன்னுக்கும் மேல் தயாரித்தது.

இரண்டாவது, கட்டச் சகபலபடி. நீண்ட பியூட்டாடையீன் பகுதி நடுவில். இரு முனைகளிலும் ஸ்டைரீன் பகுதிகள். முனைகள் ஒன்றுகூடிக் கெட்டியான முடிச்சுகளாகின்றன, நடுப்பகுதி இழுபடுகிறது. சூடாக்கினால் முடிச்சு இளகும், ஆறினால் இறுகும். அதனால் டயர் ரப்பருக்குச் செய்வதுபோல் கந்தகம் சேர்த்துப் பிணைக்காமலே ஷூ அடிப்பாகத்தை அச்சில் வார்க்கலாம். சாலைத் தாரிலும் இதைக் கலக்கிறார்கள்.

மூன்றாவது, ஒட்டுச் சகபலபடி. பியூட்டாடையீன் சங்கிலியின் பக்கவாட்டில் ஸ்டைரீன் கிளைகள் வளர்கின்றன. பாலிஸ்டைரீனுக்குள் பரவியிருக்கும் இந்த ரப்பர் துகள்கள் அடியைத் தாங்கிக்கொள்வதால் ஃபிரிட்ஜின் உட்சுவர் எளிதில் விரிசல் விடுவதில்லை.

நான்காவது வகையில் இரு வகை மூலக்கூறுகள் மாறி மாறி அமையும். ஸ்டைரீன், மலியிக் நீரிலி என்ற வேறொரு மூலக்கூறுடன் சேரும்போது இப்படி நிகழ்கிறது. முதல் வகையில் பியூட்டாடையீனோடு ஸ்டைரீனுக்குப் பதில் அக்ரிலோநைட்ரைல் என்ற மூலக்கூறைச் சேர்த்தால் எண்ணெயைத் தாங்கும் நைட்ரைல் ரப்பர் கிடைக்கும். மருத்துவர்கள் அணியும் நீல நிறக் கையுறைகள் பெரும்பாலும் அதுதான்.

டயருக்கான ரப்பர் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்துவிடுவதால் அதை மறுபடி உருக்க முடியாது. கொளுத்தினால் கரும்புகையோடு கந்தக டை ஆக்சைடும் பென்சீன் போன்ற நச்சுகளும் காற்றில் கலக்கும். போகியன்று பழைய டயரை எரிக்காதீர்கள்; மறுசுழற்சிக்குக் கொடுத்துவிடுங்கள்.