தேயிலைப் பெட்டிக்குப் பெயர் தந்த ‘காத்தி’

பழைய ஆங்கிலேய வெள்ளிச் சாமானில் சீனக்காரர் உருவம் எப்படி வந்தது என்று பல நேயர்கள் கேட்கிறார்கள். காரணம் தேநீர்தான்.

1662-இல் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸை மணந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின், அரண்மனையில் தேநீர்ப் பழக்கத்தைப் பரப்பினார். அன்று தேயிலை சீனாவிலிருந்து வந்தது. 1680-களில் வெள்ளிக் குவளைகளில் சீன மனிதர்களையும் பறவைகளையும் செதுக்கத் தொடங்கினார்கள். சீனாவையே பார்க்காத தட்டார்கள், பீங்கானிலும் அரக்குப் பெட்டியிலும் கண்டதை வைத்துக் கற்பனையாகச் செய்தவை அவை. 1750-களில் அந்த மோகம் மீண்டும் வந்தது.

தேயிலைக்கு வரி மிக அதிகம். 1784-இல்தான் அது 12.5 விழுக்காடாகக் குறைந்தது. அதுவரை தேயிலை பூட்டி வைக்க வேண்டிய பொருள். அதற்கான பெட்டியை ஆங்கிலத்தில் ‘கேடி’ என்பார்கள். பைராம் தோட்டம் போன்ற தோட்டப்புறங்களில் நம் பெரியவர்கள் மீனும் காய்கறியும் வாங்கிய அதே ‘காத்தி’, சுமார் 600 கிராம் எடையைக் குறிக்கும் மலாய்ச் சொல், அப்படித் திரிந்தது.

வீட்டில் இப்படியொரு பாத்திரம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் அடிப்பாகத்தைப் பாருங்கள். நடக்கும் சிங்கம் இருந்தால் 92.5 விழுக்காடு வெள்ளி. சிறுத்தைத் தலை, லண்டனில் சோதித்ததற்கு அடையாளம். தனி எழுத்து ஆண்டைச் சொல்லும். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் வெறும் வெள்ளி முலாம். பளபளப்புக்காக அழுத்தித் துலக்கி முத்திரையைத் தேய்த்துவிடாதீர்கள். பாத்திரத்தின் வயதுக்கு அதுவே சாட்சி.