"இதில் ஒன்றும் கலக்கவில்லைதானே?"

வெள்ளவத்தையில் ஒரு வலீமா. பழப்பான மேசை என் பொறுப்பு. நீண்ட கிளாஸ்களில் அன்னாசித் துண்டு செருகி, புதினா இலை வைத்து வரிசையாக அடுக்கியிருந்தோம். வயதான ஹாஜியார் ஒருவர் ஒரு கிளாஸைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. "தம்பி, இதில் ஒன்றும் கலக்கவில்லைதானே?" என்று கேட்டார். "இல்லை ஹாஜியார், பழச்சாறும் தேங்காய்ப் பாலும்தான்" என்றேன். பிஸ்மி சொல்லிக் குடித்தார். அந்தப் பதிலை நம்பித்தான் இந்த வியாபாரம் முழுவதும் நிற்கிறது.

கொழும்புக் கல்யாணங்களில் இப்போது சர்பத்தும் பளூடாவும் மட்டும் போதாது, "மொக்டெய்ல்" வேண்டும் என்கிறார்கள். மதுபானக் கடைக்காரர் கலக்கும் கொக்டெய்லின் மது சேராத வடிவம் அது. கொட்டாஞ்சேனையில் என் வீட்டுச் சமையலறையில் ஒரு பிளெண்டரோடு தொடங்கியவன் என்பதால், சிறு முதலோடு இறங்க விரும்பும் நண்பர்களுக்கு நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் தொழில். கொக்டெய்லில் இருந்து மதுவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் சீனித் தண்ணீர் என்று பலர் குறை சொல்வார்கள். அது ஓரளவு உண்மைதான். மது தொண்டையில் ஒரு காரத்தையும் நாக்கில் ஒரு வறட்சியையும் கொடுத்து இனிப்பை அடக்கி வைக்கிறது. அந்த வேலையைச் செய்ய எம்மிடமே சாமான்கள் உண்டு. காரத்திற்கு இஞ்சிச் சாறு, வறட்சிக்கு நன்றாகச் சாயம் இறங்கிய பிளேன்டீ, புளிப்புக்குத் தேசிக்காய். ஒரு சிட்டிகை உப்பையும் மறக்க வேண்டாம். கொடித்தோடைச் சாறு 40 மில்லிலீற்றர், ஆறவைத்துக் குளிர்ந்த பிளேன்டீ 100, சீனிப்பாகு 25, ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு, மேலே ஐஸ். இதைக் குடித்தவர் யாரும் எதுவும் குறைகிறது என்று என்னிடம் சொன்னதில்லை.

உலகப் புகழ்பெற்ற பீனா கொலாடா புவேர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்தது. 1978இல் அதையே அத்தீவின் அதிகாரபூர்வ பானமாக அறிவித்தார்கள். அதில் ரம்மை விட்டால் மீதி என்ன? அன்னாசியும் தேங்காயும். இரண்டும் எமது ஊர்ச் சரக்கு! அன்னாசிச் சாறு 120, தேங்காய் முதற்பால் 40, பாதித் தேசிக்காய், உப்பு, ஐஸ். பசும்பாலை மட்டும் சேர்க்க வேண்டாம். பச்சை அன்னாசியில் உள்ள ஒரு நொதியம் பாலைத் திரித்துக் கசக்க வைத்துவிடும்.

இனி நான் நட்டப்பட்ட கதை. ஆரம்ப காலத்தில் ஒரு பெரிய ஓர்டர் கிடைத்தது. வேலை மிச்சம் என்று முதல் நாள் மதியமே முப்பது லீற்றர் அன்னாசியை அரைத்துச் சீனி சேர்த்துக் கேன்களில் ஊற்றினேன். ஃபிரிட்ஜில் இடமில்லை. சுற்றி ஐஸ் போட்டேன், இரவோடிரவாக அது உருகிவிட்டது. மறுநாள் மூடியைத் திறந்தால் "புஸ்" என்றது. மேலே நுரை, மூக்கில் புளித்த வாடை. பழத் தோலில் இயல்பாகவே ஈஸ்ட் இருக்கிறது. சீனியும் சூடும் கிடைத்தால் அது சாற்றை மதுவாக்கத் தொடங்கிவிடும். மெக்சிக்கோவில் அன்னாசித் தோலை வேண்டுமென்றே இப்படிப் புளிக்க வைத்து ஒரு பானம் செய்கிறார்கள்.

"இன்னும் சீனி போட்டால் தெரியாது நானா" என்றான் உதவிக்கு நின்ற பையன். உண்மைதான், தெரிந்திருக்காது. முப்பது லீற்றரையும் கானில் ஊற்றிவிட்டு, சில்லறை விலையில் பழம் வாங்க ஓடினேன். அன்றைக்கு இலாபம் இல்லை, கைக்காசும் போனது.

அதன் பிறகு, சாறு அன்றன்றே பிழிவது என்று வைத்துக்கொண்டேன். முன்கூட்டிச் செய்வதென்றால் சீனிப்பாகு மட்டும்தான். இரண்டு பங்கு சீனிக்கு ஒரு பங்கு தண்ணீர் என்று காய்ச்சினால், அவ்வளவு செறிவில் ஈஸ்ட் எளிதில் வளராது. அன்னாசியை முந்தியே செய்துதான் ஆக வேண்டுமென்றால் கொதிக்கவைத்து, ஆற்றி, 5 பாகைக்குக் கீழே வைப்பேன். சூட்டில் ஈஸ்ட்டும் சாகும், பாலைத் திரிக்கும் நொதியமும் செயலிழக்கும், ஆனால் புதுப் பழத்தின் மணம் குறையும்.

கணக்கிலும் கவனம் வேண்டும். ஒரு கிலோ கொடித்தோடையில் ஒரு லீற்றரில் மூன்றிலொரு பங்கு சாறுதான் தேறும், அதாவது எட்டுக் கிளாஸ். அன்னாசியில் தோலும் நடுத்தண்டும் போகப் பாதி மிஞ்சினால் பெரிய விஷயம். பழ விலையை மட்டும் பார்த்து ஓர்டர் எடுப்பவர் ஐஸிலும் முச்சக்கர வண்டிக் கூலியிலும் அடிபடுவார். மீனுக்குப் போடும் ஐஸ் கட்டி மலிவு என்று கிளாஸில் போட்டுவிடாதீர்கள், குடிநீரில் செய்த ஐஸ் வேறு. பழம் பேலியகொடையில் அதிகாலையில் எடுத்தால் கட்டுப்படியாகும் (மெனிங் சந்தை 2020இல் புறக்கோட்டையிலிருந்து அங்கே போய்விட்டது).

மது சேராதது என்று நாம் நினைக்கும் சரக்குகளிலும் ஆபத்து உண்டு. சோடாவில் நாலு துளி விடும் அங்கொஸ்டுரா பிட்டர்ஸில் மது 44.7 வீதம். அசல் வனிலாச் சாற்றில் அமெரிக்கச் சட்டப்படி குறைந்தது 35 வீதம் இருக்க வேண்டும். "நொன் அல்கஹோலிக்" என்று எழுதிய பியரில் அரை வீதம் வரை இருக்கலாம் என்று பல நாடுகளில் அனுமதி. லேபலை வாசியுங்கள், சந்தேகம் என்றால் உலமாக்களிடம் கேளுங்கள். நான் இவற்றை வாங்குவதே இல்லை.

கொட்டாஞ்சேனையில் மது பரிமாறும் வைபவங்களிலிருந்தும் எனக்கு அழைப்பு வரும். முஸ்லிம் விருந்தினருக்கும் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தனி மேசை கேட்பார்கள். மது பரிமாறும் இடத்திற்கே போவதில்லை என்று இருப்பவர்களும் எம்மில் உண்டு, அது அவரவர் பேணுதல். போவதாக இருந்தால் கிளாஸ், ஷேக்கர், வடி, ஐஸ் வாளி எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். மண்டபத்துக் கிளாஸை இரவல் வாங்கவே கூடாது.

இது சிறிய சந்தை என்று எண்ண வேண்டாம். 1908இல் மன்செஸ்டரில், மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்த காலத்தில், ஜோன் நிக்கல்ஸ் என்பவர் செய்த பழப்பாகுதான் விம்டோ. 1928இல் வளைகுடாவுக்குப் போன அது இன்று அங்கே நோன்பு திறக்கும் மேசைகளில் பேரீச்சம்பழத்தோடு சேர்ந்து நிற்கிறது.

போத்தலில் அடைத்து விற்க நினைப்பவர்கள் முதலில் தமது பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பார்க்க வேண்டும். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், லேபல் விதிகள், இனிப்புப் பானங்களுக்கு 2016இல் வந்த சீனி நிறக் குறியீடு எல்லாம் அங்கே கேட்டறிய வேண்டியவை.

நான் இன்னும் மேசை வியாபாரத்தோடுதான் இருக்கிறேன். அந்த ஹாஜியார் கேட்ட நாளிலிருந்து ஒவ்வொரு பானத்துக்கு முன்னாலும் அதில் சேர்ந்தவற்றை எழுதிய சிறு அட்டை வைக்கிறேன். எழுதுவது என் மகள், மூன்று மொழியிலும்.