ஆர்.ஸி. புக்கில் இருப்பதும் உங்கள் கார்தானா?

முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை, ரெண்டாவது போனஸில் செகண்ட்ஹேண்ட் கார், அடுத்த மாசமே அந்தக் காருக்கு அலங்காரம். ஆபீஸில் என் பக்கத்து ஸீட் இளைஞர் இப்போது மூன்றாவது கட்டத்தில் இருக்கிறார். அகல டயர், இடி இடிக்கும் ஸைலென்ஸர், டிக்கி முழுக்க ஸ்பீக்கர். (பெட்டி படுக்கை? மடியில்தான்!)

"இன்ஷூரன்ஸ்ல சொல்லிட்டியாப்பா?" என்றேன்.

"எதுக்கு ஸார்? சின்னப் பையன்னாலே பிரீமியத்தை ஏத்திடுவாங்களாம். இதை வேற சொல்லிக்கணுமா?"

அது இங்கிலாந்துக் கதை. அங்கேதான் இருபது வயசுக்காரர் கார் வாங்கினால் பிரீமியம் மலைக்க வைக்கும். நம்ம ஊர் தேர்ட் பார்ட்டி பிரீமியம் உங்கள் வயசைக் கேட்பதே இல்லை, ஸி.ஸி.யைத்தான் கேட்கிறது. 2022 ஜூனில் அமலுக்கு வந்த அரசுக் கணக்குப்படி, சொந்தக் கார் 1000 ஸி.ஸி.க்குள் என்றால் வருஷத்துக்கு 2,094 ரூபாய், 1500 வரை 3,416. வரி தனி. ஓட்டுகிறவர் 23 ஆனாலும் 73 ஆனாலும் இதேதான்.

வில்லங்கம் வேறு இடத்தில். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு என்ன சொல்கிறது? கம்பெனி தயாரித்த விவரத்துக்கு மாறாக, ஆர்.ஸி.யில் பதிவானது பொய்யாகிற மாதிரி வண்டியை மாற்றாதே என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது ரெண்டும்!

ஸ்பீக்கர் பாவம், அது குற்றமில்லை. ஆனால் கார் விலையில் தேய்மானம் கழித்துப் போடுகிற ஐ.டி.வி.யில் அது சேராது. தனியாகச் சொல்லணும். பழைய டாரிஃப் கணக்கில் மதிப்பில் 4 சதவிகிதம்; 30,000 ரூபாய் ஸிஸ்டத்துக்கு 1,200. இப்போது கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறலாம். ஸி.என்.ஜி. கிட்டும் இப்படித்தான். ஆனால் அதை முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஆர்.ஸி.யில் ஏற்றிவிட்டுத்தான் பாலிஸிக்கு வரணும்.

சொல்லாமல் விட்டால்? இடித்த மறுநாள் சர்வேயர் வருவார். கேமராவும் கையுமாக, ரொம்ப மரியாதையாக, டயர் அளவைக் குறித்துக்கொள்வார். பிறகு கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வரும், 'வருந்துகிறோம்' என்று. பம்பர் போனது போகட்டும், சம்பளத்தில் கட்டிவிடலாம். நீங்கள் இடித்தது ஒரு மனுஷனை என்றால்? முக்கியமான விஷயத்தை மறைத்து வாங்கிய பாலிஸி செல்லாது என்று கம்பெனி கோர்ட்டில் வாதாடச் சட்டம் இடம் தருகிறது. 'முதலில் நீ கொடு, அப்புறம் ஓனரிடம் வசூலித்துக்கொள்' என்று கோர்ட்டுகள் பல கேஸ்களில் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. அந்த ஓனர் நீங்கள். தொகை லட்சங்களில். அப்பா லோன் கட்டி மீட்ட வீடு வரைக்கும் அது வரும்.

செகண்ட்ஹேண்ட் ஆசாமிகளுக்கு இன்னொன்று. பழைய ஓனர் செய்த ஒட்டு வேலையும் இப்போது உங்களுடையதுதான். பாலிஸியை உங்கள் பேருக்கு மாற்றப் பதினாலு நாளுக்குள் எழுதிக் கொடுக்கணும். கூடவே வண்டியில் என்னென்ன மாறியிருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள். பதிலுக்கு எண்டார்ஸ்மெண்ட் என்று ஒரு தாள் வரும். அதைக் கேட்டு வாங்குங்கள். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன் ஸார்" என்று ஏஜெண்ட் சொன்னதைச் சர்வேயரிடம் காட்ட முடியாது.