நொடிக்கு எத்தனை அளவீடுகள்?

1967ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் விடியற்காலையில், மகாராட்டிர மாநிலத்தின் கொய்னா அணைப் பகுதியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். அதிர்வு மும்பை மாநகரிலும் உணரப்பட்டது. அணைக்குள் வைக்கப்பட்டிருந்த கருவியொன்று அவ்வதிர்வைப் பதிவு செய்தது. நிலநடுக்கத்தைத் தாங்கும் அணைகளை ஆராய்வோருக்கு அப்பதிவு இன்றும் பயன்படுகிறது.

அக்காலக் கருவிகள் அதிர்வைத் தொடர்ச்சியான கோடாக வரைந்தன. இக்காலக் கருவிகள் எண்களாகச் சேமிக்கின்றன. நிலநடுக்கமானி தரும் மின்னழுத்தத்தைச் சீரான இடைவெளியில் அளந்து எண்ணாக மாற்றும் கருவி டிஜிட்டைசர் எனப்படும். அது நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்பதே மாதிரி வீதம்.

வீதம் குறைந்தால் என்ன நேரும்? திரைப்படத்தில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதைப் பலரும் கண்டிருப்பர். நொடிக்கு 24 படங்களே எடுக்கப்படுவதால் விளையும் மயக்கம் அது. அதிர்வுப் பதிவிலும் இம்மயக்கம் உண்டு. நொடிக்கு 18 முறை அதிரும் அலையை நொடிக்கு 20 முறை மட்டும் அளந்தால், அது நொடிக்கு 2 முறை அதிரும் அலையாகப் பதிவாகும். அப்பொய் அலை மெய் அலையோடு கலந்தபின் அதனைப் பிரித்தெடுக்க இயலாது. எனவே, பதிவு செய்ய வேண்டிய மிக விரைவான அதிர்வைப்போல் இரு மடங்கிற்கும் மேலாக மாதிரி வீதம் இருத்தல் வேண்டும். அதனினும் விரைந்த அலைகளை அளப்பதற்கு முன்னரே வடிகட்டி நீக்குதல் வேண்டும்.

அவ்வாறாயின், வீதத்தை விரும்பியவாறு உயர்த்தலாமா? மூன்று திசைகளின் அசைவை நொடிக்கு 100 முறை அளந்தால், நாளொன்றுக்கு 2,59,20,000 எண்கள் சேரும். வீதம் இரட்டித்தால் எண்களும் இரட்டிக்கும். சேமிப்பிடமும் மின்சாரமும் கூடுதலாகத் தேவைப்படும்.

ஆகவே நோக்கமே வீதத்தை முடிவு செய்கிறது. செம்பூரை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம், கர்நாடகத்தின் கௌரிபிதனூரில் நிலநடுக்கமானிகளை வரிசையாக நிறுவியுள்ளது. தொலைநாடுகளில் நிகழும் நிலத்தடி அணுவெடிப்புகளைக் கண்டறிவது அதன் முதன்மை நோக்கம். நெடுந்தொலைவு கடக்கையில் விரைந்த அதிர்வுகள் நிலத்திலேயே தேய்ந்துவிடும். ஏறத்தாழ நொடிக்கு ஒரு முறை அதிரும் அலைகளே பெரிதும் வந்து சேரும். அவற்றுக்கு நொடிக்கு 20 அல்லது 40 அளவீடுகள் போதும். கொய்னாவில் இன்றும் நிகழும் சிறு நடுக்கங்களை அருகிருந்து ஆராய்வதற்கோ, நொடிக்கு 100 அளவீடுகளோ அதற்கு மேலோ தேவை.

நிலநடுக்கம் முன்னறிவித்து வருவதில்லை. அது வந்தபின் வீதத்தை உயர்த்துவதால், பதிவாகாத அதிர்வு மீளாது. ஆதலின், நிலம் அமைதியாக இருக்கும்போதே வீதத்தை ஆராய்ந்து அமைத்தல் இன்றியமையாதது.

சிந்தித்து விடை எழுதுக

1. நொடிக்கு 30 முறை அதிரும் அலையைப் பதிவு செய்ய, நொடிக்கு 50 அளவீடுகள் போதுமா? காரணம் கூறுக.
2. கௌரிபிதனூருக்கும் கொய்னாவுக்கும் வெவ்வேறு மாதிரி வீதங்கள் ஏன் பொருந்துகின்றன?