வழி சொல்லும் மிதிவண்டிக் கணினி

கொல்கத்தாவில் தமிழர் பலர் வாழும் பகுதி லேக் மார்க்கெட். அங்கிருந்து விக்டோரியா நினைவகத்திற்கு மிதிவண்டியில் செல்ல விரும்பும் ஒருவர், புறப்படுமுன் கைப்பேசி வரைபடத்தில் தம் வழியை வரைந்துகொள்கிறார். அவ்வழி, மிதிவண்டியின் கைப்பிடியில் பொருத்தப்பட்ட சிறு கருவிக்கு அனுப்பப்படுகிறது. அதுவே மிதிவண்டிக் கணினி.

வரைந்த வழி, புள்ளிகளின் வரிசையாகவே கருவிக்குள் செல்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் உண்டு. திரும்ப வேண்டிய இடங்களில் 'இடப்புறம்', 'வலப்புறம்' என்னும் குறிப்பும் சேர்ந்திருக்கும்.

ஏறத்தாழ 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் சமிக்ஞைகளை அனுப்புகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞைகள் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்லும் மிதிவண்டி ஒரு நொடியில் நான்கு மீட்டருக்குச் சற்று மிகுதியாக நகரும். ஆகவே கருவி தன் இடத்தை நொடிதோறும் வழிக்கோட்டுடன் ஒப்பிட்டு, அடுத்த திருப்பத்திற்கு எஞ்சியுள்ள தொலைவை அறிகிறது. திருப்பம் நெருங்கியதும் ஒலி எழுப்பி, திரையில் அம்புக்குறியைக் காட்டுகிறது. மிதிவண்டி கோட்டை விட்டு விலகினால் எச்சரிக்கிறது. சாலை வரைபடம் உள்ள கருவி புதிய வழியையும் வகுத்துத் தரும்.

கொல்கத்தாவில் இக்கணக்கு அத்துணை எளிதன்று. உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சமிக்ஞை, இருப்பிடத்தைச் சில மீட்டர் தள்ளிக் காட்டும். ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையின் மேலே நீண்ட மேம்பாலம் செல்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒன்றாகவே இருப்பதால், மேலே செல்வதா கீழே செல்வதா என்பதை அவ்விரு எண்களால் மட்டும் கூற இயலாது.

இந்நகரின் ஒருவழிச் சாலைகள் இன்னும் வியப்பானவை. சில சாலைகளில் முற்பகலில் ஒரு திசையிலும் பிற்பகலில் எதிர்த்திசையிலும் வண்டிகள் ஓடுகின்றன! காலையில் சரியாக இருந்த வழி மாலையில் தவறாகிவிடும். வரைபடத்தில் அந்நேரங்கள் பதிவாகாவிடில் கருவிக்கு அது தெரியாது.

மிதிவண்டிகளே செல்லக்கூடாத சாலைகளும் உண்டு. 2013ஆம் ஆண்டில் கொல்கத்தா காவல்துறை 174 சாலைகளில் மிதிவண்டிகளுக்குத் தடை விதித்தது. பின்னர் அவ்வெண்ணிக்கை குறைக்கப்பட்டது. பாலும் செய்தித்தாளும் சுமந்து பிழைப்போரைத் தண்டத்தொகை அச்சுறுத்தியது. மக்கள் பலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். தடையை அறியாத வரைபடமோ, குறுகிய வழி என்று அதே சாலையையே தேர்ந்தெடுக்கும். சிவப்பு வட்டத்திற்குள் மிதிவண்டிப் படம் உள்ள பலகையைக் கண்டதும், கருவி 'நேராகச் செல்க' என்றாலும் ஓட்டுபவர் நிற்கத்தான் வேண்டும். அதனால், தடைகளை நன்கறிந்தவர்கள் வழி வரையும்போதே பெருஞ்சாலைகளைத் தவிர்த்துச் சந்துகளின் ஊடே கோட்டை இழுக்கின்றனர். அங்கே திருப்பங்கள் மிகுதி. கருவி ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்.