முதலில் ரத்தம், பிறகு மாத்திரை

ஹீமோகுளோபின் குறைந்தது என்றவுடன் இரும்புச்சத்து மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடும் வழக்கமும், மாதக்கணக்கில் பலனில்லாதபோதும் காரணம் கேளாமல் அதையே விழுங்கிவரும் வழக்கமும் தமிழகத்தில் இன்னும் மாறவில்லை. கையிலிருக்கும் ரத்த அணு அறிக்கையில் எம்.சி.வி. எனப்படும் சிவப்பணுவின் சராசரிப் பருமன் 100 ஃபெம்டோலிட்டரைத் தாண்டியிருந்தால், மது, கல்லீரல் நோய் போன்ற பிற காரணங்களோடு, பி9 வைட்டமினாகிய ஃபோலேட்டும் பி12 வைட்டமினும் குறைந்துள்ளனவா என்று பார்த்தேயாக வேண்டும். இரும்பும் சேர்ந்து குறைந்திருப்பின் அந்த எண் இயல்பாகத் தோன்றி ஏமாற்றவும் கூடும்.

ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கும் முன்பே ரத்தம் எடுக்கப்பட வேண்டும். ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தில் அளக்கப்படும் ஃபோலேட் அண்மையில் உட்கொண்டதையே காட்டுவதால், மாத்திரைக்குப் பின் எடுத்த ரத்தம் குறைவை மறைத்துவிடும். சிவப்பணுக்களுக்குள் சீரத்தைவிடப் பன்மடங்கு ஃபோலேட் இருப்பதால், அணுக்கள் சிதைந்து சீரம் செந்நிறமேறிய மாதிரியிலும் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அறிக்கையில் அத்தகைய குறிப்பு காணப்பட்டால் மீண்டும் ரத்தம் எடுக்கச் சொல்லத் தயங்கக் கூடாது.

பி12 அளவைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டால், ரத்தசோகை தெளிந்ததுபோல் தோன்றினாலும் நரம்புச் சேதம் உள்ளே வளர்ந்து, கால் மரத்து, நடை தடுமாறி, மீளாத நிலைக்கும் செல்லலாம். எனவே மருந்துக்கடையில் தாமாகவே 5 மில்லிகிராம் மாத்திரை வாங்கி உண்ணலாகாது. பி12 பார்க்காமல் உண்ணவே கூடாது.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கு மட்டும் முறை வேறு. கருவின் நரம்புக்குழாய் ஏறத்தாழ 28 நாளுக்குள், பலருக்குக் கருவுற்றது தெரியுமுன்பே மூடிவிடுவதால், அவர்கள் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தைத் தொடங்க வேண்டும்; முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறைபாடு இருந்தவர்களுக்கும் வலிப்பு மருந்து உண்பவர்களுக்கும் கூடுதல் அளவு தேவைப்படலாம் என்பதால், அதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும்போது பழைய அறிக்கைகளோடு, ஃபோலேட்டைப் பாதிக்கும் ஃபெனிட்டாயின், மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளின் சீட்டுகளையும் எடுத்துச் செல்வது அவசியம். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்ற இடத்தில் பதிவுகளைத் தர மறுத்தால், நோயாளி எண்ணும் அனுமதி நாளும் குறித்து எழுத்துமூலம் விண்ணப்பித்து, பெற்றதற்கான ஒப்பத்தை நகலில் வாங்கிக்கொள்ள வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அவற்றைத் தருமாறு 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகள் கூறுகின்றன. வாய்மொழியாகக் கேட்டுத் திரும்புவதில் பயனில்லை. அதன்பின்னும் தராவிட்டால், அந்த ஒப்பமிட்ட நகலை இணைத்து மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம்.